மிச்சலின் அளவுகோலும் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலையும்

சென்ற ஆண்டு திருச்சியிலிருந்து என் அக்காள் மகன் கோலாலம்பூருக்கு வந்திருந்தான். கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கும்போது பன்னிரண்டரை மணி. நல்ல பசி. கைப்பேசியில் மிச்சலின் உணவக வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டே நடந்து வந்தான். ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு பக்கம் மல்லிகைச் சரத்தின் வாசம், இன்னொரு பக்கம் மோர்மிளகாய் பொரியும் வாசம். "வாழை இலைச் சாப்பாட்டுக்கு எங்க போறதுன்னு இதுல தேடுறேன் மாமா, பிடிபட மாட்டேங்குது" என்றான். நான் கைப்பேசியை வாங்கிப் பார்க்கவில்லை. எதிரே இருந்த கடைக்குக் கூட்டிப் போனேன். சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கும்போது கேட்டான்: "அப்ப இந்த வழிகாட்டி எதுக்கு மாமா?"

"அது நமக்கு இல்லடா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பதில் உறுத்தியது. ஒரு நூலை முறையாகப் பயன்படுத்திப் பார்க்காமலே தள்ளிவிடுவது நியாயமாகாது. அதன்பின் பல மாதங்கள் அந்த வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சாப்பிட்டேன். அது சொன்ன கடைகளுக்கும் போனேன், சொல்லாத கடைகளுக்கும் போனேன். அவனுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

மிச்சலின் ஒரு டயர் கம்பெனி. பிரான்சின் கிளெர்மோன் ஃபெரான் நகரில் ஆந்த்ரே, எதுவார் என்ற இரண்டு சகோதரர்கள் தொடங்கியது. 1900இல் முதல் வழிகாட்டியை 35,000 படிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது பிரான்ஸ் முழுவதற்கும் மூவாயிரத்துக்கும் குறைவான கார்களே இருந்தன. கார்க்காரர் தூரம் போக வேண்டும், போனால் டயர் தேயும், தேய்ந்தால் புது டயர் வாங்குவார் என்பதுதான் கணக்கு. 1926இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் போடத் தொடங்கினார்கள். 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிவரிசை வந்தது. 1936இல் அதற்கு விளக்கமும் சொன்னார்கள்: ஒரு நட்சத்திரம் என்றால் தன் வகையில் மிக நல்ல கடை, இரண்டு என்றால் போகும் வழியை விட்டு விலகிப் போயாவது சாப்பிடலாம், மூன்று என்றால் அங்கே சாப்பிடுவதற்கென்றே பயணம் கிளம்பலாம். மிதமான விலையில் நல்ல சாப்பாடு தரும் கடைகளுக்கான 'பிப் கூர்மான்' என்ற அடையாளம் 1997இல் சேர்ந்தது. ஆக, இந்த நூலின் பிறவிக் கண் காரோட்டியின் கண். சாலையில் போகிறவன், வண்டியை நிறுத்துகிறவன், ஒரு கடையைப் போய்ச் சேர வேண்டிய இடமாகப் பார்க்கிறவன்.

மலேசியாவுக்கு அது வந்த நாள் 13 டிசம்பர் 2022. கோலாலம்பூர், பினாங்கு இரண்டுக்கும் சேர்த்து முதல் பதிப்பில் 97 கடைகள். நான்கு கடைகளுக்கு ஒரு நட்சத்திரம், 32 கடைகளுக்கு பிப் கூர்மான், மீதி 61 கடைகள் பரிந்துரை. கோலாலம்பூரில் டெவாக்கானும் டிசி பை டேரன் சின்னும், பினாங்கில் ஆன்ட்டி கெய்க் லீன் உணவகமும் ஓ ஜார்தானும் நட்சத்திரம் பெற்றன. நான்கில் இரண்டு ஐரோப்பிய வழிச் சமையல். மற்ற இரண்டும் இந்த மண்ணின் சமையல். அடுத்த ஆண்டு டிசம்பரில் டெவாக்கான் இரண்டாம் நட்சத்திரமும் வாங்கியது. மலேசியாவில் இரண்டு நட்சத்திரம் வாங்கிய முதல் உணவகம் அதுதான்.

முதலில் பயனைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சிறியதில்லை. மிச்சலினின் சோதகர்கள் தாங்கள் யாரென்று சொல்லாமல் வந்து, சாப்பிட்டதற்குக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இந்த ஒரு காரியத்தின் அருமை கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இங்கே ஒரு கடை திறந்த வாரமே நாலு பேர் கேமராவோடு வந்து, காசு கொடுக்காமல் சாப்பிட்டுவிட்டு, "வேற லெவல்" என்று காணொளி போடுகிறார்கள். அப்படி ஒன்றை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் முக்கால் மணி நேரம் நின்று, முதல் நாள் குழம்பைச் சூடாக்கிப் போட்ட சோற்றைச் சாப்பிட்டு வந்தோம். கடையின் பெயர் வேண்டாம். அந்தக் காணொளியை எடுத்தவர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மிச்சலின் சொல்லிப் போன கடைகளில் எனக்குப் பிடிக்காதவை உண்டு. ஏமாற்றப்பட்டேன் என்று நினைக்க வைத்தது ஒன்றுகூட இல்லை.

இன்னொரு பயன், இந்த மண்ணின் பொருளுக்கு அது கொடுத்த மரியாதை. டெவாக்கானின் சமையற்கலைஞர் டேரன் தியோ 2015இல் ஷா ஆலாமில் ஒரு கல்லூரி வளாகத்தில் கடையைத் தொடங்கினார். மலேசியக் காட்டிலும் கடலிலும் கிடைப்பதை வைத்தே உயர்தர விருந்து படைக்க முடியும் என்பது அவர் பிடித்த பிடிவாதம். கெலுவாக், உலாம் இலைகள், நாட்டுப் பழங்கள் என்று நம் சந்தைகளில் மலிவாகக் கிடக்கிற சரக்குக்கு ஒரு தலைமுறைச் சமையல்காரர்கள் இன்று திரும்பியிருக்கிறார்கள் என்றால் அதில் அந்த நட்சத்திரங்களுக்கும் பங்குண்டு. பினாங்கில் பே கெய்க் லீன் அம்மையார் தம் வீட்டுப் பெரனாக்கான் சமையலைச் சமைத்தே நட்சத்திரம் பெற்றார். பாட்டி கைச் சமையலைப் பிரெஞ்சு விருந்துக்குப் பக்கத்தில் சமமாக உட்கார வைத்ததற்காக அந்த வழிகாட்டியை நான் மதிக்கிறேன்.

தமிழ்ச் சமையலை அது கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை. புக்கிட் டாமான்சாராவில் இருக்கும் இலங்கைச் சமையல் கடையான அலியா முதல் பதிப்பிலேயே பிப் கூர்மான் பெற்றது. தென்னிந்திய ருசிகளை விருந்து வரிசையாக அமைத்துக் கொடுக்கும் நாடோடி உணவகத்துக்கும் பரிந்துரைப் பட்டியலில் இடம் கிடைத்தது. எல்லை தாண்டினால் இன்னும் பெருமைப்படச் சேதி இருக்கிறது. பினாங்கில் பிறந்து வளர்ந்த மனோ தேவர் சிங்கப்பூரில் நடத்தும் 'தேவர்' உணவகம் 2022இல் இரண்டு நட்சத்திரம் பெற்றது. அதே ஆண்டு நியூயார்க்கில் 'செம்மா' ஒரு நட்சத்திரம் பெற்றது. மதுரைப் பக்கத்து நத்தத்திலிருந்து போன விஜய்குமார், தாம் சின்ன வயதில் சாப்பிட்ட நத்தைப் பிரட்டலை அங்கே பரிமாறுகிறார். ஆகவே, வெள்ளைக்காரன் நாக்குக்கு நம் காரம் தெரியாது என்ற பழைய சமாதானம் இங்கே எடுபடாது. தெரிகிறது. நன்றாகவே தெரிகிறது.

அப்படியானால் பிரிக்பீல்ட்ஸ் இலை மட்டும் ஏன் அந்தக் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது? இதற்கு விடை அளவுகோலிலேயே இருக்கிறது. மிச்சலின் தன் சோதகர்கள் ஐந்து விஷயங்களைப் பார்ப்பதாகச் சொல்கிறது: சரக்கின் தரம், ருசிகளின் இசைவு, சமையல் நுட்பத்தில் தேர்ச்சி, சமையலில் தெரியும் சமையற்கலைஞரின் தனித்தன்மை, நாளுக்கு நாள் மாறாத தரம். கேட்டால் யாருக்கும் மறுப்புச் சொல்லத் தோன்றாது. ஆனால் இந்த ஐந்தையும் ஓர் இலையின் முன்னால் உட்கார்ந்து பயன்படுத்திப் பாருங்கள்.

அன்று நாங்கள் உட்கார்ந்த மேசையையே எடுத்துக்கொள்கிறேன். பரிமாறுகிற தம்பி இலையைப் போட்டான், தண்ணீர் தெளித்தோம், துடைத்தோம். பூசணிக்காய்க் கூட்டு, முட்டைக்கோஸ் பொரியல், வெள்ளரிக்காய் தயிரில். ஓரத்தில் ஊறுகாய். "சோறு வெள்ளையா புழுங்கலாண்ணே?" என்று கேட்டான். நான் புழுங்கல், அவன் வெள்ளை. பிறகு நாலு கிண்ணம் கோத்த வாளியோடு இன்னொருவர் வந்தார். "பருப்பு, மீனு, கோழி, நண்டு. எது விடட்டும்?" நான் சோற்றை இரண்டாகப் பிரித்துப் பாதிக்கு மீன் குழம்பு, பாதிக்குப் பருப்பு. என் அக்காள் மகன் முழுக்கக் கோழிக் குழம்பு. பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒரு பிடி சோற்றில் நண்டுக் குழம்பை விட்டு, பாகற்காய் வறுவலை நொறுக்கிப் போட்டு, அதன்மேல் ஒரு சொட்டுத் தயிர் விட்டுப் பிசைந்தார். அதுவரை எனக்குத் தோன்றாத சேர்க்கை அது. மறுவாரம் செய்து பார்த்தேன், பிரமாதம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே அடுப்படியிலிருந்து ஒரே விலைக்குச் சாப்பிட்டோம். மூன்றும் மூன்று சாப்பாடு.

இதில் 'ருசிகளின் இசைவு' எங்கே இருக்கிறது? அடுப்படியில் பாதிதான் முடிகிறது. மீதியைச் சாப்பிடுகிறவன் விரல்கள்தான் முடிக்கின்றன. ஒரு சோதகர் வந்து தமக்குத் தெரிந்தபடி எல்லாக் குழம்பையும் தனித்தனியாக ஒரு கரண்டி சுவைத்துவிட்டுப் போனால், அவர் அந்தக் கடையைச் சாப்பிடவே இல்லை என்பேன். கடையின் அருமை தட்டில் வந்த நிலையில் இல்லை. பதினைந்து நிமிடத்தில் மூன்று முறை வந்து "சோறு போடட்டுமா?" என்று கேட்கிற அந்தக் குரலில் பாதி இருக்கிறது. தட்டில் இருப்பதை மட்டுமே பார்த்து நட்சத்திரம் போடுகிறோம் என்பதை மிச்சலின் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. பிரான்சின் விருந்துக்கு அது நேர்மை. இரண்டாம் பரிமாறலையே இலக்கணமாக வைத்திருக்கும் சாப்பாட்டுக்கு அதே விதி ஊனம்.

'சமையற்கலைஞரின் தனித்தன்மை' என்பதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: கைமணம். ஆனால் நம் கைமணத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பிரிக்பீல்ட்சில் நான் முப்பது ஆண்டுகளாகச் சாப்பிடும் ஒரு கடையில் ஆட்டிறைச்சிப் பெரட்டலைக் கிளறுகிறவர் யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் வெளியே வந்ததில்லை. அவர் மாறிய நாள் மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அன்று பெரட்டலில் சோம்பு தூக்கலாக இருந்தது. மனோ தேவரையும் விஜய்குமாரையும் மிச்சலின் கண்டுகொண்டதற்கும், இந்தப் பெயரில்லாத கையைக் காணாமல் போனதற்கும் காரணம் ஒன்றுதான். அங்கே ஒரு பெயரும் ஒரு கதையும் சாப்பாட்டோடு சேர்ந்து மேசைக்கு வருகின்றன. இங்கே சாப்பாடு மட்டும் வருகிறது.

இதே காரணத்தால்தான் ஒரே பண்டம் விற்கும் கடைகளில் இந்த வழிகாட்டி நன்றாகத் தேறுகிறது. ஒரு வாணலி, ஒரு ஆள், ஒரு தட்டு மீ. முப்பது ஆண்டு அதே கரியடுப்பு. அந்த ஆளின் தனித்தன்மையும் நுட்பமும் மாறாத தரமும் ஒரே வாயில் தெரிந்துவிடும். பினாங்கில் சியாம் ரோடு கரியடுப்பு சார் குவே தியாவ் கடையை அது பாராட்டியது இயல்பு. பட்டியலின் மலிவுக் கடைகளில் சீனர்களின் ஒற்றைப் பண்டக் கடைகள் நிறைந்திருப்பதைப் பார்த்து இன ஓரவஞ்சனை என்று நம்மவர்கள் சிலர் கொதிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கடைகளின் அமைப்பு அந்த அளவுகோலுக்குப் பொருந்துகிறது, நம் கடைகளின் அமைப்பு பொருந்தவில்லை. பிரிக்பீல்ட்சுக்கே வந்து அனாக் பாபா என்ற பாபா நோன்யா கடைக்கு முதல் பதிப்பில் பிப் கூர்மான் கொடுத்தார்களே, வராதவர்கள் என்று எப்படிச் சொல்வது? வந்தார்கள். கையிலிருந்த அளவுகோலுக்கு எது பிடிபட்டதோ அதை எடுத்துக்கொண்டு போனார்கள்.

'மாறாத தரம்' என்ற ஐந்தாம் விதியில்தான் எனக்கு வழிகாட்டியோடு பாதி உடன்பாடு. நம் கடைகளில் தரம் மாறுகிறது. இதை மூடி மறைப்பதில் பயனில்லை. பத்து வருடம் ஒரே உப்பு, ஒரே புளி என்று சொல்லக்கூடிய கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஏன் மாறுகிறது என்பதை ஒரு நல்ல வழிகாட்டி அறிந்திருக்க வேண்டும். இந்திய உணவகங்களின் சமையலறை பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதியில் வருகிறவர்களை நம்பியிருக்கிறது. அனுமதி முடிந்தால் ஆள் ஊருக்குப் போகிறார், கூடவே ருசியும் போகிறது. 2023இலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்க்கான புதிய ஒதுக்கீடு நிறுத்தப்பட்டபின், ஆள் இல்லாமல் கடையை மூட வேண்டியிருக்கிறது என்று இந்திய உணவக உரிமையாளர் சங்கமான பிரிமாஸ் திரும்பத் திரும்ப முறையிட்டது. மாறுகிற ருசியைக் குறையாகக் குறித்துக்கொள்ளலாம். காரணத்தைக் குறிக்காத குறிப்பு அரைக் குறிப்பு.

தரம் ஒரே நாளுக்குள்ளேயும் மாறும். பகல் பதினொன்றே முக்காலுக்குப் போனால் கீரை இருக்கும், அப்பளம் மொறுமொறுவென்று இருக்கும், ரசம் மட்டும் இன்னும் இறங்கியிருக்காது. இரண்டு மணிக்குப் போனால் கீரை தீர்ந்திருக்கும். ஆனால் பெரட்டல் சட்டியின் அடியில் மசாலா கருகும் பதத்துக்கு வந்திருக்கும். அதைச் சுரண்டிப் போடச் சொல்லி வாங்கிச் சாப்பிடுவதற்கென்றே தாமதமாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையும் அப்படித்தான். விடிகாலை இரண்டு மணி ரொட்டி சானாயும் காலை எட்டு மணி ரொட்டி சானாயும் வேறு வேறு. மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை, நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் உட்பட, யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அது சேர்த்தது பண்டத்தின் பெயரை மட்டுமல்ல, பல இனத்தவர் ஒரே கடையில் ஒரே வேளையில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தையும் சேர்த்து. வேளையைச் சொல்லாமல் இந்த ஊர்ச் சாப்பாட்டைச் சொல்ல முடியாது. கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்வதோடு ஒரு வழிகாட்டி நின்றுவிடுவது போதாது.

அடுத்த குறையை நான் பெரிதாக எண்ணுகிறேன். இந்த வழிகாட்டியின் சோதகர் எதையும் சாப்பிடுகிறவர். கோலாலம்பூரில் எதையும் சாப்பிடுகிறவர் குறைவு. முஸ்லிம் நண்பருக்கு ஹலால் வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் மாட்டிறைச்சி கிடையாது. வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி முழுக்கச் சைவம், தைப்பூசத்துக்கு விரதமிருப்பவருக்கு வெளியில் ஒரு டீ குடிக்கவும் யோசனை. அலுவலகத்தில் எட்டுப் பேர் சேர்ந்து மதியம் வெளியே போனால் அதில் நாலு விதமான விலக்கு இருக்கும். எல்லோரும் ஒன்றாக உட்கார முடிகிற கடை எது என்பதே இந்த நகரத்தின் முதல் கேள்வி. ருசி இரண்டாவது. வழிகாட்டியின் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரு சின்னப் பத்தி. சமையல் வகை, பேர்போன பண்டம், விலைக்குறி. இந்த முதல் கேள்விக்கு அந்தப் பத்தியில் இடமே இல்லை.

இனிக் கிள்ளான். வழிகாட்டியின் அட்டையில் இருப்பது கோலாலம்பூர், பினாங்கு என்ற இரண்டு பெயர்கள். சாப்பிடுகிறவர்களுக்குக் கோலாலம்பூர் என்பது கூட்டரசுப் பிரதேச எல்லைக்கல்லோடு முடிவதில்லை. பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் வரை அது ஒரே சாப்பாட்டு வெளி. பன்றி எலும்புச் சாறான பாக்குத்தே என்றால் மலேசியர் வாயில் முதலில் வருவது கிள்ளான். 2024 பிப்ரவரியில் அது தேசிய மரபு உணவாக அறிவிக்கப்பட்டபோது கொண்டாடியதும் கிள்ளான். ஜாலான் தெங்கு கிளானாவில் இறங்கினால் நம்முடைய இன்னொரு தலைநகரம். பிரிக்பீல்ட்ஸ் 2010இல் அரசு அறிவித்து அலங்கரித்த லிட்டில் இந்தியா. கிள்ளான் தெரு சேலைக்கடையும் பாத்திரக்கடையும் பலகாரக்கடையுமாகத் தானே வளர்ந்தது. அங்கே ஒரு சந்துக்கடையில் காலை ஏழு மணிக்கு இடியாப்பமும் சொதியும் கொடுக்கும் அம்மாவிடம், எட்டரைக்குப் போனவர் யாரும் வாங்கியதில்லை.

இந்த இரண்டு ஊரையும் சேர்த்தது சாலை இல்லை, தண்டவாளம். 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. 1890இல் ஆற்றைக் கடந்து கிள்ளான் ஊருக்குள் போனது. பிரிக்பீல்ட்ஸ் பெயருக்குக் காரணம் செங்கல் சூளை. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், ஊரைச் செங்கல்லும் ஓடுமாகக் கட்ட வேண்டும் என்றானதும் சூளைகள் அங்கே புகைந்தன. பின்னால் ரயில் பணிமனையும் குடியிருப்பும் வந்தன. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ரயில்வே வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறு போடப் பிறந்தவைதான் அங்கேயிருந்த சாப்பாட்டுக் கடைகள். ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கு வயிறு நிறைய வேண்டும், சீக்கிரம் வேண்டும், மாதச் சம்பளத்தில் அடங்க வேண்டும். இரண்டாம் சோறு, மூன்றாம் சோறு என்ற வழக்கத்தின் வேர் அந்தப் பசியில் இருக்கிறது. 'வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம்' என்ற காரோட்டியின் பாராட்டு இந்தக் கடைகளுக்குப் பொருந்தாது. இவை வழியிலேயே இருப்பதற்காகப் பிறந்தவை.

இன்னொன்றையும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. டயருக்கு ரப்பர் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகம் காரில் ஏறியபோது அந்த ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து போனது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். மிச்சலினுக்குச் சொந்தமான தோட்டங்கள் வியட்நாமில் இருந்தன, இங்கே இருந்தவை வேறு கம்பெனிகளுடையவை. ஆகவே மிச்சலினைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. 1936இல் பிரான்சில், எந்த உணவகத்துக்காக வண்டியைத் திருப்பலாம் என்று விளக்கம் எழுதினார்கள். அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1941இல், கிள்ளான் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. ராணுவம் சுட்டது, உயிர்கள் போயின. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போனபோது அந்தக் குடும்பங்கள் வந்து சேர்ந்த ஊர்களில் கிள்ளானும் ஒன்று. அங்கேயிருக்கிற கருவாட்டுக் குழம்பிலும் முருங்கைக்கீரைப் பொரியலிலும் தோட்டத்து லயத்தின் அடுப்பு இருக்கிறது. சரக்கின் தரத்தை மட்டும் அளந்தால் அந்தக் குழம்புக்கு மதிப்பெண் குறைவாகத்தான் வரும். எளிய சரக்கை வைத்துச் செய்த சாமர்த்தியம்தான் அதன் பெருமை.

மிச்சலின் நம் கடைகளுக்கு வராதது நல்லதுதான், வந்தால் கடை கெட்டுப்போகும் என்று ஒரு கட்சி உண்டு. சிங்கப்பூரில் 2016இல் அங்காடிக் கடைக்காரர் சான் ஹொன் மெங்கின் சோயாசாஸ் கோழிச் சோற்றுக்கு நட்சத்திரம் கிடைத்தது. உலகமே வரிசையில் நின்றது, கிளைகள் பெருகின, 2021இல் அந்த நட்சத்திரம் போய்விட்டது. எச்சரிக்கை சரிதான். ஆனாலும் இந்த வாதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. விலைவாசி ஏறும்போதும் பத்துப் பன்னிரண்டு வெள்ளிக்குள் இலை போட்டுக் கட்டுப்படியாகாமல் தவிக்கும் கடைக்காரரைப் பார்த்து, "நீங்கள் பேர் வாங்காமல் இருப்பதுதான் அழகு" என்று சொல்ல நாம் யார்? நாலு பேர் கூடுதலாக வந்தால் அவர் இன்னொரு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பார்.

பணத்தின் பங்கையும் சேர்த்தே எடைபோட வேண்டும். மிச்சலின் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதில் சுற்றுலாத் துறைகளின் பணத்துக்கு இடமுண்டு. தாய்லாந்து ஐந்தாண்டுக்கு 14 கோடியே 40 லட்சம் பாட் ஒதுக்கியது 2017இல் வெளிப்படையாகவே வந்த செய்தி. மதிப்பீட்டில் யாரும் தலையிட முடியாது என்று மிச்சலின் சொல்கிறது. அதை நம்புகிறேன். ஆனால் எந்த ஊரை மதிப்பிடுவது என்ற முடிவே ஒரு மதிப்பீடுதான். சென்னைக்குப் பக்கத்தில் தேர்வாய்கண்டிகையில் மிச்சலினுக்கு டயர்த் தொழிற்சாலை இருக்கிறது. சென்னைக்கு மிச்சலின் வழிகாட்டி இல்லை. இதை வைத்துச் சென்னையில் நல்ல சாப்பாடு இல்லை என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். ஜாலான் தெங்கு கிளானா பட்டியலில் தெரியாததற்கும் அவ்வளவுதான் பொருள்.

என் தீர்ப்பு இது. வருடத்துக்கு ஒருமுறை, பிறந்தநாளோ கல்யாண நாளோ, நூற்றுக்கணக்கான வெள்ளி செலவழித்து ஒரு சமையற்கலைஞரின் மேசையில் உட்காரப் போகிறீர்கள் என்றால் மிச்சலினை நம்புங்கள். அந்தத் துறையில் அதற்கு இணையான நேர்மையான நூல் இந்த ஊருக்கு வேறில்லை. ஒற்றைப் பண்டக் கடைகளுக்கும் பெரும்பாலும் நம்பலாம். விட்டுப்போனவை நிறைய இருக்கும், சொன்னவை மோசம் போகாது. வாழை இலைக்கும் மாமாக் கடைக்கும் கிள்ளானுக்கும் அதைத் திறக்கவே வேண்டாம். அங்கே அது தவறாகச் சொல்கிறது என்பதற்காக இல்லை. அந்தக் கடைகளைப் படிக்கிற எழுத்து அதற்குத் தெரியாது. 'கோலாலம்பூர்' என்று அட்டையில் போட்டுக்கொள்ளும் ஒரு வழிகாட்டிக்கு இது சின்னக் குறையில்லை. நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் உயர்தர விருந்துக்கு எண்பது, ஒற்றைப் பண்டத்துக்கு அறுபது, இந்த நகரம் தினமும் சாப்பிடும் மதியச் சோற்றுக்கு முப்பது போடுவேன்.

அந்த முப்பதுக்கு மிச்சலின் மட்டும் பொறுப்பில்லை. 1924இல் தொடங்கி 2019 வரை தமிழ் நேசன் வந்தது, இன்னும் பல நாளிதழ்கள் வந்தன, வருகின்றன. நூறு ஆண்டுத் தமிழ் இதழியலில் நம் சாப்பாட்டுக் கடைகளை யாராவது உட்கார்ந்து வரிசையாக எழுதி வைத்தோமா? திறப்பு விழாப் படமும் தீபாவளி விளம்பரமும் போட்டோம். எந்தக் கடையின் ரசத்தில் மிளகு நிற்கும், எந்த வீதியில் யார் முதலில் இலை போட்டார், எந்தக் கடை மூடியபோது எந்தக் குழம்பு இல்லாமல் போனது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் நம்மை எழுதவில்லை என்று வருத்தப்படுவதற்கு முன்னால், நாமே நம்மை எழுதவில்லை என்பதற்கு வெட்கப்பட வேண்டும்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பத்து வருடமாகச் சாப்பிடும் ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்சோ கிள்ளானோ செந்தூலோ எதுவானாலும் சரி. எத்தனை மணிக்குப் போக வேண்டும், எந்தக் குழம்பை எதோடு பிசைய வேண்டும், என்ன எத்தனை மணிக்குத் தீரும், சைவத்துக்குத் தனிச் சட்டி உண்டா, மாட்டிறைச்சி உண்டா, ஹலாலா, எந்தக் கிழமை மூடியிருக்கும், ரயிலில் வந்தால் எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று எழுதுங்கள். முடிந்தால் உள்ளே போய்ச் சமைக்கிறவரிடம், அவர் சம்மதித்தால், பெயரும் ஊரும் கேட்டு எழுதுங்கள். காசு கொடுத்துச் சாப்பிட்ட பின் எழுதுங்கள். பக்கத்தில் உள்ள தமிழ்ப் பள்ளி நூலகத்துக்கோ உங்கள் நாளிதழின் ஞாயிறு மலருக்கோ அனுப்புங்கள். அக்காள் மகன் அடுத்த தைப்பூசத்துக்கு மறுபடி வருகிறான். முதல் குறிப்பாக, சோம்பு தூக்கலாகப் போன அந்தப் பெரட்டல் கடையை நான் எழுதி முடித்துவிட்டேன்.